பாதி டாக்டருக்கு, பாதி சாமிக்கு

அண்ணி,

இப்படி உனக்கு எழுதுவதற்கு முதலில் என்னை மன்னித்துவிடு. படிக்க முடியாத இடத்துக்குப் போய்விட்டவளுக்கு எழுதுவது கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆனால் எதிரில் ஆள் இருந்தாலே எனக்கு வாய் வராது என்பது உனக்குத் தெரியும். உன் படத்தின் முன்னால் நின்று சத்தமாகப் பேச என்னால் ஆகாது. அடுப்படியிலிருந்து அம்மா கேட்டுக்கொண்டிருப்பாள். உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும். அதைக் கடைசியில் கேட்கிறேன். எடுத்த எடுப்பில் கேட்கும் தைரியம் இல்லை.

இன்று வேலை முடிந்து பஸ்ஸில் வந்துகொண்டிருந்தேன். புத்தூர் தாண்டியதும் அந்த வாசனை வந்தது. மாம்பழக் கூழ் காய்ச்சுகிற வாசனை. சீசன் தொடங்கிவிட்டது. பெங்களூரா மாங்காய் ஏற்றிய டிராக்டர்கள் ஃபாக்டரி வாசலிலிருந்து சாலை வரைக்கும் வரிசையில் நின்றன. முன் சீட்டில் இருந்தவர் கைக்குட்டையால் மூக்கை மூடிக்கொண்டார். நான் ஜன்னலை இன்னும் கொஞ்சம் திறந்தேன். அவருக்கு அது ஃபாக்டரி நாற்றம். எனக்கு அது உன் சேலை. சீசன் முழுக்க அங்கே பழம் நறுக்கிவிட்டு நீ சாயங்காலம் வீட்டுக்குள் நுழையும்போது உனக்கு முன்னால் அந்தத் தித்திப்பு நுழையும். பின்னாலேயே ஈ வரும்.

“பழமே நடந்து வந்துக்கினு கீது பாரு” என்பான் அண்ணன்.

“கட்டிக்கினது நீதானே, ஈ ஓட்டு” என்பாய் நீ. அம்மா சிரிப்பை அடக்கத் தெரியாமல் உள்ளே போய்விடுவாள்.

நீ பாகாலாவிலிருந்து எங்கள் வீட்டுக்கு மருமகளாக வந்தபோது நான் இண்டர் படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் வீட்டில் பத்தாவதைத் தாண்டிய முதல் ஆள், அதுவும் பெண். அதனாலேயே என்னை எதற்கும் ஏவாமல் ஒரு மூலையில் வைத்திருந்தார்கள். யாராவது வந்தால் தோட்டத்துப் பக்கம் போய்விடுவேன். நீ வந்த மறுநாள் உன்னிடம் “நீங்க காப்பி குடிக்கிறீங்களா?” என்று கேட்டேன்.

“இன்னா நீங்க நாங்கன்னு? எனக்கு இன்னா அறுவது வயசா? நீன்னு கூப்புடு. நாள பின்ன சண்ட போட வசதியா இருக்கும்.”

நாம் பெரிதாக ஒன்றும் சண்டை போட்டுக்கொள்ளவில்லை. ஆனால் பஸ்ஸில் என்னைத்தான் டிக்கெட் கேட்க வைப்பாய். கடையில் பேரம் பேச என்னை முன்னால் தள்ளிவிட்டு, தெரியாதவள் மாதிரி தள்ளி நின்று வேடிக்கை பார்ப்பாய். நான் திணறினால் உனக்குச் சிரிப்பு. இப்போது யோசித்தால், என்னைப் பேச வைப்பதற்காக நீ பட்ட பாடு அது என்று தோன்றுகிறது.

உன் நோய் ஒரு நல்ல செய்தி போல வந்தது. அதுதான் எங்களுக்கு இன்றும் ஆறாத விஷயம். காலையில் எழுந்ததும் தலைவலி, வாந்தி. அம்மா ஒரு நிமிஷமும் சந்தேகப்படவில்லை. “ஹாசினிக்குத் தம்பி வரான்” என்று தெருவெல்லாம் சொல்லிவிட்டாள். உனக்குப் பச்சை மாங்காயும் உப்பும் மிளகாய்த்தூளும் எடுத்து வைத்தாள். “மாங்காய்லயே நாளெல்லாம் கெடக்கறேன், வூட்லயும் மாங்காயா அத்த?” என்று நீ அலுத்துக்கொண்டாய். டெஸ்டில் இல்லை என்று வந்தபோதுகூட அம்மா, “அந்த அட்டை பழசு” என்றாள். நீயும் நம்பினாய். பிறகு ஒருநாள் ஃபாக்டரியில் உன் வலது கையிலிருந்து கத்தி தானாக நழுவியது. எடுத்தாய், மறுபடியும் நழுவியது. வீட்டுக்கு வந்து தண்ணீர் கேட்டபோது சொம்பைக் காட்டி, “அத எடு, அத... அதான்...” என்று தேடினாய். நாள் பூராவும் பேசிக்கொண்டே இருந்தவளுக்குச் சொம்பு என்ற சொல் கிடைக்கவில்லை.

திருப்பதியில் ஸ்கேன் எடுத்தார்கள். ஆஸ்பத்திரியில் நைனா என் முதுகில் கை வைத்து, “நீதானே படிச்சவ, நீ போய்க் கேளு” என்றார். நான் படித்தது பி.காம். அந்த அறைக்குள் போய்க் கதவோரத்திலேயே நின்றுவிட்டேன். டாக்டர் ஒரு நடுத்தர வயதுப் பெண். தெலுங்கில்தான் பேசினார். நான் வாய் திறக்கும் வரை பொறுமையாக இருந்து, “செப்பம்மா” என்றார். நான் கேட்டேன். அவர் மறைக்காமல் சொன்னார். மூளையிலேயே முளைத்து வேகமாக வளர்கிற புற்றுநோய். எடுக்க முடிந்தவரை எடுப்பார்கள். பிறகு கதிர்வீச்சு, மாத்திரை. அதற்குப் பிறகும் அது திரும்ப வரும். இடையில் கிடைப்பது ஒரு வருஷமாக இருக்கலாம், கொஞ்சம் கூடலாம், குறையலாம். “அந்தக் காலத்தை நல்லபடியாக வைத்துக்கொள்ளப் பாருங்கள்” என்றார்.

உன்னிடம் சொல்லக்கூடாது என்று அம்மா எல்லோரிடமும் சத்தியம் வாங்கினாள். கட்டி, எடுத்துட்டா சரியாப் போயிடும், அவ்வளவுதான் உனக்குச் சொன்னது. நீ அண்ணனைக் கேட்கவில்லை, அம்மாவைக் கேட்கவில்லை. நான் உன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தபோது என்னைக் கேட்டாய்.

“நீ சொல்லு. உனக்குப் பொய் வராது.”

சொன்னேன். நீ அழவில்லை. கட்டில் ஓரத்தில் ஹாசினி தூங்கிக்கொண்டிருந்தாள். அவளைப் பார்த்துக்கொண்டே, சொற்களை ஒவ்வொன்றாகத் தேடி எடுத்துக் கேட்டாய்.

“அவளுக்கு மூணு வயசு. உனக்கு மூணு வயசுல நடந்தது... இன்னா ஞாபகம் கீது?”

நான் யோசித்துப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. பொய் சொல்ல வரவில்லை என்பதால் அதையே சொன்னேன். நீ தலையை ஆட்டினாய். அந்த நாளிலிருந்து உனக்கிருந்த பயம் சாவைப் பற்றியது அல்ல. உன் மகளுக்கு உன்னைத் தெரியாமல் போய்விடுமே என்பதுதான்.

அம்மா இதற்குள் மஞ்சள் துணியில் காசு முடிந்து, மருமகள் முடியை ஏழுமலையானுக்குக் கொடுப்பதாக வேண்டிக்கொண்டிருந்தாள். ஆப்பரேஷனுக்கும் முடி எடுப்பார்கள் என்று எங்களில் யாருக்கும் அப்போது தோன்றவில்லை. ஆப்பரேஷனுக்கு முந்தின நாள் சாயங்காலம் வார்டுக்கு ஒரு பெண் மெஷினோடு வந்து உன் தலையை வழிக்க வேண்டும் என்றதும்தான் விஷயம் புரிந்தது. அம்மா உன் பின்னலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

“இது சாமிக்கு நேந்துக்கின முடி. இங்க கத்தி படக்கூடாது.”

“ரேப்பு பொத்துன்ன ஆப்பரேஷன் அம்மா” என்றாள் நர்ஸ். விடிந்தால் ஆப்பரேஷன்.

“ஆவட்டும். மலைக்குப் போயி குடுத்துட்டு வந்துடறோம். அப்புறம் பண்ணுங்க.”

“மலைக்கா? இப்பவா?”

“பஸ் கீது.”

அண்ணன் அம்மாவிடம் கெஞ்சினான். நைனா வராந்தாவுக்குப் போய்விட்டார். பக்கத்துக் கட்டில்காரர்கள் எல்லாம் எங்களைப் பார்த்தார்கள். அம்மாவைத் திட்ட எனக்கு மனசு வரவில்லை. அவளுக்குத் தெரிந்த வைத்தியம் அது ஒன்றுதான். சாமிக்குச் சொன்னதைத் தவறினால் உன் உயிருக்கு ஆகாது என்று அவள் உண்மையாகவே பயந்தாள். டாக்டரைத் தேடிப் போனேன். கூப்பிடாமல் ஒருவரைத் தேடிப் போய்ப் பேசியது அதுதான் எனக்கு முதல் தடவை. தெலுங்கு, தமிழ், இங்கிலீஷ் மூன்றையும் குழப்பி ஏதோ சொன்னேன். டாக்டர் எழுந்து என்னோடு வந்தார். அம்மாவைக் கோபிக்கவில்லை. உன் இடது காதுக்கு மேலே விரலால் வரைந்து காட்டினார். “எனக்கு இவ்வளவு இடம் போதும். மிச்சத்தை நான் தொடவில்லை” என்றார். நான் அதைத் தமிழில் அம்மாவுக்குச் சொன்னேன். அம்மா கையை எடுக்காமல் யோசித்தாள்.

அப்போதுதான் நீ பேசினாய். மெதுவாக, நடுநடுவே நின்று.

“பாதி டாக்டருக்கு. பாதி... சாமிக்கு. கொறஞ்சா... அவுரு டாக்டரக் கேக்கட்டும்.”

நான் அதை டாக்டருக்குத் தெலுங்கில் சொன்னேன். அவர் வாய்விட்டுச் சிரித்தார். அம்மாவும் சிரித்தாள், அழுதுகொண்டே. வழித்த முடியைக் கீழே விழவிடாமல் அம்மா தன் முந்தானையில் பிடித்து மஞ்சள் துணியில் சேர்த்து முடிந்துகொண்டாள். டாக்டருக்கென்று விட்டதும் கடைசியில் சாமிக்கே போய்ச் சேர்ந்தது.

தையல் பிரித்து, காயம் நன்றாக ஆறி, கதிர்வீச்சு தொடங்குவதற்கு முன்னால் இருந்த இடைவெளியில் டாக்டரைக் கேட்டுக்கொண்டு மலைக்குப் போனோம். “தழும்பின் மேல் கத்தி படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்” என்று மட்டும் சொல்லி அனுப்பினார். ஹாசினிக்கும் பிறந்த முடி இன்னும் எடுக்கவில்லை. அவளுக்கு மொட்டை என்ற சொல்லைக் கேட்டாலே அழுகை. மொட்டை போடுகிற கூடத்தில் ஈரமும் சந்தன வாசனையும் குழந்தைகள் கத்தலுமாக இருந்தது. என் அண்ணன் கழுத்தை அவள் விடவே இல்லை.

நீ முதலில் உட்கார்ந்தாய். மொட்டை போடுபவர் ஒரு பெண். தண்ணீர் விட்டுத் தேய்க்கும்போது அவர் விரலில் தழும்பு பட்டது. கை நின்றுவிட்டது.

“ஆப்பரேஷனா?” என்று என்னைக் கேட்டார்.

“ஆமாங்க.”

“வேண்டாம்மா. மூணு கத்தரி முடி குடுத்தா சாமிக்குப் போதும்.”

நீ வேண்டாம் என்று தலையாட்டினாய். முழுசாகத் தருகிறேன் என்று கையால் தலையைச் சுற்றிக் காட்டினாய். அவர் புது பிளேடு மாற்றிக்கொண்டார். தழும்பைச் சுற்றி, தூங்குகிற குழந்தையைத் தாண்டிப் போகிறவர் மாதிரி, பார்த்துப் பார்த்துப் போனார். அவர் வாய் கோவிந்தா கோவிந்தா என்று சொல்லிக்கொண்டே இருந்தது.

நீ எழுந்து திரும்பியதும் ஹாசினி அழுகையை நிறுத்திவிட்டு உன்னைப் பார்த்தாள். கிட்டே வந்து உன் தலையைத் தடவினாள். தழும்பையும் தடவினாள்.

“அம்மா, நீ பாப்பாவா ஆயிட்டியா?”

“ஆமா. நீ?”

அவளாகவே போய் உன் அண்ணன் மடியில் உட்கார்ந்தாள். பாகாலாவிலிருந்து வந்திருந்த உன் அண்ணன், தாய்மாமன் மடி என்று அதற்காகவே காத்திருந்தவர், பிள்ளை அழாததைப் பார்த்துத் தான் அழுதார். பிறகு இரண்டு மொட்டையிலும் சந்தனம் பூசி, தெரியாத ஒருவர் கையில் என் ஃபோனைக் கொடுத்துப் படம் எடுத்தோம். இரண்டு பேரும் பல் தெரியச் சிரிக்கிறீர்கள். அந்தப் படத்தைத்தான் வீட்டில் மாட்டியிருக்கிறோம். கல்யாணப் படத்தை மாட்டலாம், மொட்டைத் தலையோடு யாராவது மாட்டுவார்களா என்று அம்மா சொல்லிப் பார்த்தாள். ஹாசினி விடவில்லை.

இறங்கி வரும்போது பஸ்ஸில் நீ அவளிடம் பந்தயம் கட்டினாய். யாருக்கு முடி முதலில் வளர்கிறது என்று. வாரா வாரம் ஞாயிற்றுக்கிழமை அவள் சீப்பை எடுத்துக்கொண்டு வந்து அளப்பாள். கதிர்வீச்சு பட்ட பக்கத்தில் உனக்கு முளைக்கவே இல்லை. அவளுக்குக் காதைத் தொட்டது. “நீ ஜெயிச்சிட்ட” என்று சொல்ல உனக்கு நேரமாயிற்று. ஆனால் சொன்னாய்.

அந்த வருஷத்தை நாங்கள் நல்லபடியாகத்தான் வைத்துக்கொண்டோம் என்று நினைக்கிறேன், அண்ணி. எல்லா நாளும் அல்ல. வீக்கம் குறைய அவர்கள் கொடுத்த மாத்திரையால் உனக்குப் பசி அடங்காது. “துன்றதுக்கு இன்னா கீது?” என்று நீ கேட்டுக்கொண்டே இருப்பாய். அடுப்படிப் பக்கமே போகாத நைனா கேழ்வரகுக் கூழ் காய்ச்சக் கற்றுக்கொண்டார். கட்டி கட்டியாக இருக்கும். நீ முகம் சுளித்துக்கொண்டே முழுசாகக் குடிப்பாய். அதே மாத்திரையாலோ, கட்டியாலோ, சில நாள் நீ நீயாக இல்லை. ஒருநாள் டம்ளரை அண்ணன் மேல் வீசினாய். அவன் கொல்லையில் போய் உட்கார்ந்து அழுதான். அம்மா அவனிடம் போய், “அவ இல்லடா அது. நோவு வீசிச்சி. நோவோட சண்ட போட முடியுமா? எழுந்து வா” என்றாள். படிக்காத என் அம்மா அன்று சொன்னதையேதான் அடுத்த முறை போனபோது டாக்டரும் சொன்னார்.

கதிர்வீச்சுக்குப் போன நாட்களில் ஆஸ்பத்திரி வராந்தாவில் ஒரு தனி உலகம் இருந்தது. தடாவிலிருந்து வந்த ஓர் அக்கா; அவள் புருஷனுக்கும் உனக்கு வந்த அதே நோய். அவருக்குப் பேச்சு போய்விட்டது என்று அவள் சொன்னபோது, “குடுத்து வெச்சவ” என்றாய் நீ. எல்லோரும் ஒரு கணம் திகைத்தோம். அந்த அக்காதான் முதலில் சிரித்தாள். ரொம்ப நாள் கழித்துச் சிரித்தேன் என்றாள். அதன் பிறகு அவள் கொண்டு வரும் சாப்பாட்டில் உனக்கும் ஒரு பங்கு இருந்தது.

அங்கேதான், வேனுக்காகக் காத்திருந்தபோது, நீ என் கையைப் பிடித்துக்கொண்டாய். உன் பேச்சு அப்போதே பாதி போயிருந்தது.

“தெனம்... என்னப் பத்தி சொல்லு அவளுக்கு.”

“சொல்றேன்.”

“நல்லதா மட்டும் சொல்லாத. சண்ட... சண்டையும் சொல்லு. இல்லன்னா... நம்ப மாட்டா.”

பேச்சு முழுக்க நின்ற பிறகும் நீ கண்ணால் கேட்டுக்கொண்டிருந்தாய். அம்மா உன்னைப் பழையபடியே திட்டினாள். “இன்னாடி, படுத்துக்கினே கீற, வெயிலு மண்ட மேல வந்துடுச்சி” என்பாள். திட்டு நின்றால் உனக்குத் தெரிந்துவிடும் என்று அவள் எண்ணினாள். டாக்டர் பேசுவதெல்லாம் உன் சார்பாக நான்தான் கேட்டேன், நான்தான் பதில் சொன்னேன். உனக்கு எந்தப் பக்கம் வலிக்கிறது, எதைக் கேட்டால் கண்ணை மூடுகிறாய், எதற்குச் சிரிக்கிறாய் என்பது எனக்குத் தெரிந்திருந்தது. ஒரு காலைப் பொழுதில், பால்காரர் வந்து போன பிறகு, வீட்டிலேயே, அண்ணன் கையில் உன் கை இருக்க, நீ போனாய். அன்று எங்கள் எல்லோருக்கும் அழுகையோடு ஒரு நிம்மதியும் இருந்தது. அதைச் சொல்ல இப்போது எனக்கு வெட்கமில்லை.

நான் சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிறேன். தினமும் சாப்பாட்டு நேரத்தில் அவளுக்கு உன்னைப் பற்றிச் சொல்கிறேன். பாகாலா ஸ்டேஷனில் நீ ரயிலைத் தவறவிட்டுப் பிளாட்பாரத்தையே திட்டியது, அம்மாவோடு உப்புக்காகப் போட்ட சண்டை, அண்ணன் மேல் டம்ளர் வீசியது. டம்ளர் கதை அவளுக்கு ரொம்பப் பிடிக்கும். “மறுபடியும் சொல்லு” என்பாள். உன்னை அவளுக்கு நினைவிருக்கிறதா என்று கேட்டால், எனக்குப் பொய் வராது, அண்ணி. மலையில் தலை ஈரமாக இருந்தது மட்டும் ஞாபகம் என்கிறாள். மற்றதெல்லாம் நான் சொன்னவை. ஆனால் உன்னை அவளுக்குத் தெரியும். அம்மாவிடம் எதிர்த்துப் பேசும்போது இடுப்பில் கை வைத்துக்கொள்கிறாள். அதை நான் சொல்லிக்கொடுக்கவில்லை.

என்னையும் உனக்குச் சொல்ல வேண்டும். இப்போது எங்கள் பக்கத்து ஊர்களிலிருந்து திருப்பதிக்கு வைத்தியத்துக்குப் போகிறவர்கள் என்னைக் கூப்பிடுகிறார்கள். “கூட வாம்மா, டாக்டர் கிட்ட நீ பேசு” என்கிறார்கள். லீவு நாட்களில் போகிறேன். கதவோரத்தில் இன்னும் ஒரு நிமிஷம் நின்றுவிடத்தான் செய்கிறேன். ஆனால் கேட்க வேண்டியதைக் கேட்டுவிடுகிறேன். நோயாளியைப் பார்த்து, “நீங்க இன்னா கேக்கணும்?” என்று முதலில் கேட்கிறேன். அதைச் செய்யத் தெரிந்தது உன்னால்.

இனி நான் தள்ளிப்போட முடியாது.

அண்ணனுக்கு அடுத்த வாரம் நாராயணவனம் கோயிலில் கல்யாணம். அவன் வேண்டாம் என்றுதான் இரண்டு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தான். உன் அண்ணனே பாகாலாவிலிருந்து வந்து பேசி அவனைச் சம்மதிக்க வைத்தார். பெண்ணின் பெயர் லதா. நாராயணவனத்தில் தையல் கடையில் வேலை செய்கிறவள். முதல் தடவை வீட்டுக்கு வந்தபோது யாரையும் பார்க்காமல் நேராக உன் படத்தின் முன்னால் போய் நின்றாள். “அக்கா இப்டி சிரிக்கறாங்களே, யாரு சிரிக்க வெச்சது?” என்று கேட்டாள். “நான்தான்” என்றாள் ஹாசினி. அப்போதே எனக்கு அவளைப் பிடித்துவிட்டது.

வழக்கப்படி அம்மா புதுச் சேலை எடுத்து உன் படத்துக்கு முன்னால் வைத்து உன்னிடம் உத்தரவு கேட்பாள். லதா அதைத்தான் முதலில் உடுத்திக்கொள்வாள். அது பெரியவர்கள் கேட்பது. நான் கேட்பது வேறு.

நேற்று ஹாசினியின் பள்ளிக்கூட நோட்டுகளுக்கு அட்டை போட்டுக்கொண்டிருந்தோம். ஒன்றாம் வகுப்பு முடித்து இரண்டாம் வகுப்புக்குப் போகிறாள். லேபிளை ஒட்டிக்கொண்டே, தலையைத் தூக்காமல் கேட்டாள்.

“அத்த, அவங்க வந்தா நான் இன்னான்னு கூப்புடறது?”

“நீ இன்னான்னு கூப்புடப் போற?”

ஒட்டின லேபிளையே தடவிக்கொண்டிருந்தாள்.

“அம்மான்னு கூப்ட்டா எங்கம்மா கோவிச்சிக்குவாங்களா?”

மாட்டாங்க என்று உடனே சொல்லியிருக்கலாம். உன் சார்பாக எத்தனையோ பேரிடம் நான் பேசியிருக்கிறேன். வலிக்கிறது என்றும், பசிக்கிறது என்றும், போதும் என்றும். ஆனால் இதை நானாகச் சொல்ல வாய் வரவில்லை. நீ மறக்கப்படுவாயோ என்று பயந்த அந்த நாள் எனக்கு ஞாபகம் வந்தது.

“அம்மாவக் கேட்டுச் சொல்றேன்” என்றேன்.

“எப்ப கேப்ப?”

“நாளைக்கு.”

சரி என்று தலையாட்டிவிட்டு அடுத்த நோட்டை எடுத்தாள். இன்று காலையில் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பும்போது, “கேட்டியா?” என்றாள். சாயங்காலம் வந்ததும் மறுபடியும் கேட்டாள்.

கூப்பிட்டுக்கொள் என்று சொல்லிவிடு, அண்ணி. நாளைக் காலையில் அவளுக்கு நான் பதில் சொல்ல வேண்டும்.